ஆயுத பூஜையன்று கழுவிய கற்கள்

காலை பத்தே காலுக்கு வாளித் தண்ணீர் சாம்பல் நிறமானது. அழுக்குதான் போகிறது என்று நினைத்தேன்.

அன்று ஆயுத பூஜை. கடலூர் வீட்டில் ஸ்கூட்டரைக் கழுவி, மனைவியின் தையல் மிஷினைத் துடைத்து முடித்திருந்தேன். சிதம்பரத்தில் தங்கி நிலவியல் ஆராய்ச்சி செய்யும் மகள் இங்கே விட்டுப்போன சுத்தியலும் கற்களும் பாக்கி. படிப்புக்கு உதவுகிறவை சாமி முன்னால் தூசியோடு உட்காரலாமா? அட்டைப்பெட்டியில் இருந்த பதினொரு கற்களையும் ஊறப்போட்டேன்.

களிமண் இறுகி உண்டான, தட்டுத்தட்டாகப் பிரியும் ஷேல் கற்கள் அவை. பச்சைப்பயற்றுத் தோல் அளவுக்கு ஓடுகள் பதிந்திருக்கும். பல கோடி வருடங்களுக்கு முன் சிப்பி போல இரண்டு ஓட்டுக்குள் வாழ்ந்த குட்டி இறால்கள் என்பாள் மகள். குளம் வற்றினாலும் அவற்றின் முட்டைகள் மண்ணுக்குள் மழைக்குக் காத்துக் கிடக்குமாம். அது நினைவிருந்தது. கல்லில் ஈரம் படக்கூடாது என்று சொன்னது நினைவில்லை.

வாளிக்குள் கையை விட்டேன். கல் இல்லை, சேறு.

அந்நேரம் பார்த்து மகளே போன் செய்தாள். "பஸ் ஏறிட்டேம்ப்பா."

மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

"எத்தினி கல்லு?"

"எல்லாம், பாப்பா."

போன் துண்டானது. அப்புறம் ஸ்விட்ச் ஆஃப்.

மூன்று வருட உழைப்பு. கல் எடுத்த குழியில் இப்போது தண்ணீர் நிற்கிறது, மறுபடி எடுக்கவும் முடியாது. "இது போச்சுன்னா நானும் போனேன்" என்று போன மாதம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு மறந்துபோய், சொல் மட்டும் காதில் நின்றது.

"நல்லவேள, என் மிஷின வாளில முக்காம வுட்டீங்க" என்று வந்த மனைவி, என் முகத்தைப் பார்த்ததும் ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினாள்.

ஒன்றரை மணி நேரத்தில் வரவேண்டியவள், மதியமாகியும் வரவில்லை. பேருந்து நிலையத்துக்குப் போனேன். சிதம்பரத்திலிருந்து வந்த நான்கு பேருந்துகளில் ஜன்னல் ஜன்னலாகத் தேடினேன். இல்லை. சந்தனப் பொட்டு வைத்த ஸ்கூட்டரை உதைக்கவும் தோன்றவில்லை. தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வாளியைத் தொடவும் பயமாக இருந்தது, அப்படியே கிடந்தது.

இரண்டே முக்காலுக்கு ஆட்டோ நின்றது. மகள் இறங்கினாள். கண்கள் வீங்கியிருந்தன, கையில் பித்தளைச் சல்லடை.

"வாளியக் கீழ ஊத்தலயே?"

"இல்லம்மா."

"பேசுனா கத்திடுவேன்னுதான் ஆஃப் பண்ணேன். பாதி வழில எறங்கி, ரூமுக்குத் திரும்பிப் போயி இத எடுத்தாந்தேன். ஒண்ணு ரெண்டு ஓடாவது நிக்குதா பாப்போம். வாளியப் புடிங்கப்பா. மெதுவா ஊத்துங்க, நான் சல்லடையப் புடிக்கிறேன்."