ஒரே வெப்கேமராவுக்கு வந்த ஓரகத்திகள்

இன்று சாயங்காலம் பாலக்கரை பிரவுசிங் சென்டரில், வழக்கம்போல வீடியோ கேம் சண்டைப் போட்டி ஒன்றின் ஃபைனல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சிஸ்டத்தில் ஓரகத்திகள் இருவர். செராமிக் வேலை முடித்து, கையில் வெள்ளைப் பொடியோடு வந்திருந்தார்கள். புருஷன்மாருக்கு துபாயில் ஒரே ரூம், ஒரே வெப்கேமரா. அதனால் பேச்சுவார்த்தை இல்லாத இவர்களும் சேர்ந்தே வந்தாக வேண்டும்.

லைன் கிடைக்கவில்லை. இருவர் கண்ணும் என் திரைக்கு வந்தது.

"இன்னா தம்பி இது?"

"போட்டிக்கா. மேல இருக்குற கோடு யாருக்கு முதல்ல காலியாவுதோ அவங்க தோத்துட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். மூத்தவர் சிவப்புச் சட்டைக்காரனை எடுத்துக்கொண்டார். இளையவர் உடனே நீலத்தின் பக்கம் போய்விட்டார்.

"தம்பி, அவகிட்ட சொல்லு, அவ ஆளு மூலையில மாட்டிக்கிட்டான்."

"அவங்ககிட்ட சொல்லுங்க தம்பி, இன்னும் உசுரு இருக்குது."

நடுவில் நான் தபால்காரன்.

கடைசி ரவுண்டில் இரண்டு கோடும் நூலளவுக்கு வந்தது. வீடியோவில் கூட்டம் எழுந்து கத்த, இவர்களும் எழுந்துவிட்டார்கள். என்னை மறந்து நேருக்கு நேர்.

"இப்ப அடிப்பான் பாருடி!"

"நீ இரு அக்கா, எம் ஆளு எழுந்துட்டான்!"

அந்த நேரம் பார்த்து லைன் கிடைத்தது. இருவரும் கை நீட்டிக் கத்துவதுதான் துபாயில் தெரிந்திருக்கும். ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் பதறியது.

"அய்யோ, கடையில வச்சி சண்டை போடாதீங்க!"

இருவரும் திரும்பாமலே, ஒரே குரலில்:

"செத்த சும்மா இருங்க, மேட்ச் முடியல!"

'பொம்மைங்க அடிச்சிக்கிறத உக்காந்து பாக்குறியே' என்று என்னைக் கேட்ட நண்பர்கள், கீழே கமென்ட்டில் வரிசையாக வரவும்.