எடைமேடை அம்மணியும் என் மூன்று கிலோ வாயும்

செய்தி வந்தபோது நான் வீட்டில், ஒரு பெரிய பொய்யின் நடுவில் இருந்தேன். ஈரோட்டு வியாபாரி ஒருவருடைய புண்ணாக்கு லோடு சென்னிமலையைத் தாண்டிக் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்துகொண்டிருப்பதாக அவரிடம் ஒரு போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டியோ காங்கேயத்தில், லாரிகளை நிறுக்கும் எங்கள் ஊர் எடைமேடையின் முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. இன்னொரு போனில் ஓட்டுநர் முருகேசன் கூப்பிட்டான்.

"ஏனுங்ணா, எடைமேடை இன்னும் தொறக்கலீங்க. அம்மணி காலைல எந்திரிக்கவே இல்லையாமுங்க. தூக்கத்துலயே போயிட்டாங்களாமுங்க."

ஈரோட்டுக்காரர், "லைன்ல இருக்கறீங்களா? ஹலோ, இருக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று மாவட்டங்களின் லாரிகளை வாயாலேயே ஓட்டுகிற நான், பொய்யைப் பாதியில் விட்டுப் போனை வைத்துவிட்டேன்.

அம்மணி என்று நாங்கள் கூப்பிடும் சாந்தாமணியை அறிந்த உங்களுக்கெல்லாம் அவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லாரிக்காரர்கள், எண்ணெய் மில்காரர்கள், களத்தில் தேங்காய் உடைக்கும் பெண்கள் என்று அவரிடம் எடைச் சீட்டு வாங்காதவர் இந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. ஆனாலும் சொல்வேன். சொல்லாமல் இருப்பது என் உடம்புக்கு ஆகாது. என் லாரி புக்கிங் ஆபீசுக்கு நேர் எதிரில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் மூச்சு விட முடியாத அறைக்குள், முப்பது வருடம் அவர் எடை போட்டார். மலையே நடந்து வந்து அந்த மேடைமேல் ஏறியிருந்தாலும் தலை நிமிராமல், "வண்டி நெம்பர் சொல்லுங்க" என்றுதான் கேட்டிருப்பார். மில் முதலாளி வந்து நின்று ஒரு ஐம்பது கிலோ முன்னே பின்னே போடச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான். "ஏறுனதுதானுங்க எடை." அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மிச்ச வார்த்தைகளையெல்லாம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் டீக்கடையில், என் எடை நூறு கிலோ என்றும், இளமையில் காங்கேயம் காளை ஒன்றைக் கொம்பைப் பிடித்துத் தூக்கியபோது நூற்றிருபது இருந்தேன் என்றும் நான் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மணி ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். "அண்ணா, மேடை சும்மாத்தான் இருக்குது. ஏறுங்க." ஊரே கூடிவிட்டது. ஏறினேன். லாரிகளுக்கான அந்த மாபெரும் இரும்பின் நடுவில், சட்டியில் விழுந்த ஒற்றைக் கடுகு போல நின்றேன். சீட்டு வந்தது. வண்டி எண் என்ற இடத்தில் என் பெயர். சரக்கு என்ற இடத்தில் 'காலி'. எடை அறுபது கிலோ.

"அநியாயம் அம்மணி! வீட்டு மிஷின்லயே அறுபத்து மூணு காட்டுச்சே!" என்று என்னையறியாமல் உண்மையைக் கக்கிவிட்டேன்.

"இது பத்துப் பத்தாத்தானுங்ணா காட்டும். மிச்ச மூணு கிலோ உங்க வாயி. அது சீட்டுல ஏறாது."

அந்தச் சிரிப்புச் சத்தம் திருப்பூர்வரை கேட்டது என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சென்னிமலை வரையாவது நம்புங்கள்.

இந்த மூன்று கிலோ வாய் ஒரு பெண்ணின் படிப்பையே கவிழ்க்கப் பார்த்த கதையைத்தான் நான் இன்று சொல்ல வேண்டும். என் தங்கை கனகின் மகள் தாரணி. கோவையில் என்ஜினியரிங் முடித்தவள். தண்ணீரைப் பற்றி மேலே படிக்க நெதர்லாந்தில் ஒரு வருடப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. அது கடலுக்குக் கீழே கிடந்துகொண்டு, தண்ணீரை வெளியே தள்ளுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் நாடு. இது ஆயிரம் அடிக்கு ஓட்டை போட்டுப் புழுதியை மேலே எடுக்கும் ஊர். இரண்டுக்கும் சம்பந்தம் பேசுவதற்கு எங்கள் பெண் புறப்பட்டதில் எனக்கு வந்த பெருமையைத் தாங்க நான்கு லாரி போதாது. அந்த வருடத்தின் செலவை அரசாங்கமே ஏற்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். குடும்ப வருமானம் குறைவாக இருந்தால்தான் கிடைக்கும். குறைவுக்கு எங்கள் வீட்டில் குறைவே இல்லை.

தை கடைசியில் ஒரு முற்பகலில், தேய்த்த சட்டையும் கைப்பையுமாக ஒருவர் ரங்கசாமியின் டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வேலுச்சாமிங்கறவரு பொண்ணு, தாரணின்னு... குடும்பம் எப்படிங்க? தோட்டம் எவ்வளவு இருக்கும்? சொந்த வீடா? வேற வரும்படி உண்டா?" என்று கேட்டார்.

ஐயா, கல்யாண வயதில் இருக்கும் ஒரு பெண்ணின் பேரைச் சொல்லி இந்த நான்கு கேள்வியை ஒரு வெளியூர்க்காரர் கேட்டால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் வாங்குவதற்கு முன்னால், சொந்தமில்லாத ஒருவரை ஊருக்குள் அனுப்பி விசாரிப்பார்கள். கேட்கப்படுகிறவர்கள் பெண் வீட்டைத் தூக்கி வானத்தில் மாட்ட வேண்டும். அது ஊர்க்கடமை. எதிரியே ஆனாலும் அன்றைக்கு ஒருநாள் மாட்டியாக வேண்டும். நானோ தாய்மாமன்!

"மூணு ஏக்கர்" என்று நாக்கு நுனிவரை வந்த உண்மையை விழுங்கி, "முப்பது ஏக்கருங்க" என்றேன். "அத்தனையும் தென்னை. கெணத்துல தண்ணி எறைச்சா கடல் ஒரு அடி எறங்கும்."

ரங்கசாமி வடைச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கி, "எண்ணெ மில்லுல பங்கு இருக்கறத உட்டுப்போட்டீங்களே மாமா!" என்றான்.

"பங்கு ரெண்டு மில்லுல. அதுபோக லாரி மூணு. ஊட்டுல காளைக்கு ஒரு ஆளு, கறவைக்கு ஒரு ஆளு."

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எந்தச் சம்பந்திவீட்டு ஆள் இப்படிக் காளைக்கு ஆள் வைத்ததையெல்லாம் தாளில் குறித்துக்கொள்வான் என்று நான் ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசனை எனக்குப் பேசி முடித்த பிறகுதான் வரும். அன்று பிறகும் வரவில்லை.

அவர் அடுத்து எடைமேடைக்குப் போனார். அந்த ஊரிலேயே, பதில் சொல்வதற்கு முன்னால் "நீங்க எந்த ஊருங்க, எதுக்கு விசாரிக்கறீங்க?" என்று கேட்ட ஒரே ஆள் சாந்தாமணிதான். வந்தவர் அடையாள அட்டையைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அம்மணி ரோட்டைக் கடந்து என் ஆபீசுக்குள் வந்தார். அவர் வேலை நேரத்தில் ரோட்டைக் கடந்து நான் பார்த்ததே இல்லை.

"அண்ணா, அவரு பொண்ணு கேக்க வந்தவரில்லீங்க. கோயமுத்தூரு ஆபீசருங்க. தாரணி படிப்புக்கு வருமானம் விசாரிக்க வந்தாருங்க. நான் உள்ளதச் சொன்னேன். தாய்மாமனே முப்பது ஏக்கருன்னு சொல்லிப்போட்டாரு, இனி நான் என்னத்த எழுதட்டும்னு கேட்டுப்போட்டுப் போயிட்டாருங்க."

என் ஆபீசில் இருந்த ஒரே நாற்காலியில் நான்தான் இருந்தேன். இருந்தும் உட்கார இடம் தேடினேன்.

கனகு வந்து திட்டிய திட்டுகளை இங்கே எழுதினால் தாள் கருகிவிடும். தாரணி திட்டவில்லை. "மாமா, நீங்க வேணும்னு பண்ணலீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பதில் அவள் என்னை அந்த மேடைமேல் படுக்க வைத்து லாரியை ஏற்றியிருக்கலாம்.

மறுநாள் காலை எடைமேடைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது. 'மதியம் வரை இல்லை.' முப்பது வருடத்தில் அது முதல்முறை. அம்மணி ஒரு துணிப்பையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார். "நீங்களும் வாங்கண்ணா. கெடுத்தவரு இல்லாம சரி பண்ண முடியாது." பல்லடம் தாண்டும்வரை நான் ஆபீசரிடம் செய்யப்போகும் பிரசங்கத்தை ஒத்திகை பார்த்தேன். கோவை சிங்காநல்லூரில் இறங்கும்போது அது அரைமணி நேர நீளத்துக்கு வளர்ந்திருந்தது.

ஆபீசர் முன்னால் நின்று, "ஐயா, இந்தப் பாவியின் நாக்கு..." என்று தொடங்கினேன்.

"அண்ணா, சித்தெ சும்மா இருங்க" என்றார் அம்மணி. பையைத் திறந்து, ஐந்து வருடத்து எடைச் சீட்டுகளின் கார்பன் நகல்களை மேஜைமேல் வைத்தார். வேலுச்சாமி வருடா வருடம் வாடகை டிராக்டரில் ஏற்றிவந்த நிலக்கடலையின் எடை. மானாவாரி மூன்று ஏக்கர் எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவுதான். மழை பொய்த்த வருடத்தில் டிராக்டரே வரவில்லை. அந்த வருடத்துக்குச் சீட்டும் இல்லை. "ஏறுனதுதானுங்க எடை. இதுக்கு மேல அவங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்க. இந்த அண்ணன் உங்கள மாப்ள ஊட்டு ஆளுன்னு நெனச்சுப்போட்டாருங்க."

ஆபீசர் என்னைப் பார்த்தார். சீட்டுகளைப் பார்த்தார். திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். "நான் கோபி பக்கமுங்க. எங்க அக்கா கல்யாணத்துக்கு விசாரிச்சப்பவும் இப்படித்தான் இல்லாத கெணறெல்லாம் இருக்குதுன்னாங்க. எனக்கே தோணியிருக்கோணும்." ஆனால் எழுதியதைக் கிழிக்க முடியாது என்றார். மறு விசாரணைக்கு எழுதுவார். ஒருநாள் சொல்லாமல் வருவார். அதுவரை விண்ணப்பம் உயிரோடு இருக்கும்.

விண்ணப்பத்துக்கு உயிர் வந்ததும் அடுத்த சிக்கல் வந்தது. கோவையில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனி தாரணிக்கு நிரந்தர வேலை கொடுத்து, பத்து நாளில் பதில் கேட்டது. உதவித்தொகை முடிவு எப்போது வரும் என்று கடவுளுக்கும் தெரியாது. "கையில இருக்கற வேலையப் புடிச்சுக்க கண்ணு" என்றாள் கனகு. "நெதர்லாந்து உன்னை மாலையோடு எதிர்பார்த்து நிக்குது" என்றேன் நான். வேலுச்சாமி மாட்டுக்குச் சோளத்தட்டு போடப் போனார். ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. வேலையை எடுத்தால் படிப்பு போச்சு, விட்டபிறகு உதவித்தொகை வராவிட்டால் இரண்டும் போச்சு. எட்டாம் நாள் தாரணி எடைமேடை ஜன்னலில் போய் நின்றாள். எதை எடுப்பது என்று அம்மணி சொல்வார் என்று எதிர்பார்த்து நானும் பின்னாலேயே போனேன்.

"கம்பெனிக்காரங்ககிட்ட, கொஞ்ச நாள் பொறுப்பீங்களான்னு கேட்டியா கண்ணு?" என்றார் சாந்தாமணி.

தாரணி விழித்தாள். "அதெப்படிங்க்கா கேக்கறது? நல்லாருக்காதுங்களே."

"கேக்கறதுக்கு எடை கெடையாது. கேளு."

நாங்கள் மரியாதைக்காரர்கள். போகிற பஸ்ஸையே "நில்லுங்க" என்று சொல்கிறவர்கள். அந்த மரியாதையில், கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் குடும்பமே ஒரு வாரமாகக் கேட்காமல் இருந்திருக்கிறோம். தாரணி அங்கேயே நின்று போன் செய்தாள். ஆடி முடியும்வரை பொறுக்கிறோம் என்றார்கள். அம்மணி அதற்குள் அடுத்த லாரிக்கு வண்டி நெம்பர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அது சித்திரையில். இந்த ஆனியில் அவர் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து நான் டீக்கடைக்குத் திரும்பியபோது, தேய்த்த சட்டையும் கைப்பையுமாக அந்த ஆபீசர் உட்கார்ந்திருந்தார். சொல்லாமல் வந்த மறு விசாரணை. ரங்கசாமி கரண்டியைக் கீழே வைத்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாரணியின் ஒரு வருடம் முழுதும் அந்த நிமிடத்தில் என் நாக்கின்மேல் நின்றுகொண்டிருந்தது.

"சொல்லுங்க. குடும்பம் எப்படி?" என்றார்.

"மூணு ஏக்கருங்க. மானாவாரி. ஓட்டு வீடு. வேற வரும்படி இல்லீங்க. ரெண்டு எருமை."

சொல்லிவிட்டு எதிரே பார்த்தேன். எடைமேடை ஜன்னல் சாத்தியிருந்தது.

"ஒரு எருமைதானுங்க" என்றேன். "இன்னொண்ணு கன்னுக்குட்டி."

அவர் எழுதிக்கொண்டார். "அந்தம்மாவயும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். எங்க அவங்க?" என்றார். சொன்னேன். பேனாவை மூடாமல் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "வேற ஏதாச்சும் சேக்கோணுங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சேக்க வேண்டாமுங்க."

முடிவு இன்னும் வரவில்லை. ஆடி முடிய நாள் இருக்கிறது. விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்று நேற்று தாரணியின் போனுக்கு ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியை வைத்து நான் ஒரு மாநாடே நடத்தியிருப்பேன். இந்த முறை ஒரு வரியாகவே உங்களிடம் சொல்கிறேன். தாரணி பெட்டி வாங்கிவிட்டாள். கனகே போய் ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வந்து, யாருக்கோ வாங்கியதைப் போல அலமாரியில் வைத்திருக்கிறாள்.

அம்மணியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த அறுபது கிலோ சீட்டு. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஈரோட்டுக்காரரிடம் பேசுவதற்கு முன்னால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். என் பேச்சில் வண்டிகள் இப்போது சென்னிமலைக்கு இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருக்கின்றன. விமானத்தில் பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோதான் விடுவார்களாம். எங்கள் எடைமேடை அதை இருபது என்றுதான் காட்டும். சீட்டில் ஏறாத அந்த மிச்ச மூன்று கிலோவுக்கு, தாரணி போகிற அன்று என் வாயைக் கட்டி உள்ளே வைத்து அனுப்புவதாக இருக்கிறேன். கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு அந்த ஊரில் அவளுக்கு அது உதவும். இங்கே எனக்கு அறுபது கிலோ போதும்.