மூன்றாம் மாடியில் மூச்சு வாங்குதல்

டாலிகஞ்சில் அந்தக் காலனிக்கு லிஃப்ட் வேண்டும் என்று மீட்டிங்கில் எல்லோரையும்விட உரக்கக் கத்தியவள் நீலாவதிதான். வீடு நான்காம் மாடி, வயது அறுபதைத் தாண்டியாயிற்று, கத்தாமல் என்ன செய்வாள்? போன துர்கா பூஜைக்கு முன்னால் லிஃப்ட் வந்தது. தேங்காய் உடைத்ததும் அவளேதான்.

கல்யாணமாகி, துறைமுகத்தில் வேலை பார்த்த ஏழுமலையோடு கல்கத்தாவுக்கு வந்த நாள் முதல் அவள் ஏறி இறங்கிய படிகள் அவை. அரிசி மூட்டை, மீன் பை, இடுப்பில் பிள்ளை என்று எதைத்தான் சுமக்கவில்லை! உடற்பயிற்சி என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். மூன்றாம் மாடிக்கு வரும்போது மூச்சு வாங்கும். பையை இறக்கிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். அந்த மாடியில் குடியிருந்த மினதி பௌதி (வங்காளத்தில் பௌதி என்றால் அண்ணி) கதவைத் திறந்துகொண்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். கத்தரிக்காய் விலையில் தொடங்கும் பேச்சு இருவரின் மாமியார்களிடம் போய்த்தான் நிற்கும். நீலாவதி வங்காளம் கற்றதே அந்தப் படியில்தான். ஆபீஸ் விட்டு வந்த ஏழுமலை இருவரையும் தாண்டி மேலே போய், பூட்டிய கதவின் முன் சாவிக்காகக் காத்துக் கிடந்த நாட்கள் எத்தனையோ. ஆஹா, அது ஒரு காலம்!

லிஃப்ட் வந்தபின் மூன்றாம் மாடி கண்ணிலேயே படவில்லை. பொத்தானை அழுத்தினால் வீடு. நாளைக்குப் பௌதியைப் போய்ப் பார்க்கலாம் என்று தினமும் நினைப்பாள். பூஜை போயிற்று, குளிர்காலமும் போயிற்று. அப்புறம் எந்த முகத்தோடு போய் நிற்பது என்ற கூச்சம் வந்துவிட்டது.

அதற்குள் சர்க்கரை ஏறி, முட்டியும் பிடித்துக்கொண்டது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். புது ஷூ மாட்டிக்கொண்டு, லிஃப்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து, டாக்குரியா ஏரிக்குப் போய் நடந்தாள்.

"ஆட்டோல போறே, ஆட்டோல வர்றே. நடக்கறது நீயா, ஆட்டோவா?" என்றார் ஏழுமலை.

"சும்மா இருங்க. உங்கள யாரு கேட்டா?"

ஏரிக்கரையில் பேச ஆளில்லை. எல்லோரும் காதில் எதையோ செருகிக்கொண்டு நடந்தார்கள். ஒரே வாரத்தில் ஷூ கட்டிலுக்கடியில் போய்விட்டது.

"படி ஏறின வரைக்கும் உனக்குச் சர்க்கரையா, முட்டிவலியா? பேசாம அதையே ஏறேன்," என்றார் ஏழுமலை.

சொல்வது நியாயம்தான். டாக்டரும் மெல்ல ஏறலாம் என்றுதான் சொன்னார். ஆனால் ஏறினால் மூன்றாம் மாடி வருமே! பௌதி முகம் கொடுத்துப் பேசாவிட்டால்?

ஒரு காலை, வருவது வரட்டும் என்று கடைப்பையோடு ஏறினாள். முதல் மாடியிலேயே மூச்சு இரைத்தது. மூன்றாம் மாடியில் முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். கதவு திறந்தது. பௌதி ரொம்பத் தளர்ந்திருந்தாள்.

"லிஃப்ட் கெட்டுப்போச்சா?" என்று வங்காளத்தில் கேட்டாள்.

சுருக்கென்று தைத்தது. ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"இல்ல பௌதி, ஓடுது. நான்தான் ஏறி வந்தேன்."

பௌதி அப்படியே நின்றாள். உள்ளே போய்விடுவாளோ என்று நினைத்தபடியே நீலாவதி பையை நகர்த்தி இடம் விட்டாள். பௌதி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முனகியபடி, மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லிஃப்ட் வர்ற சத்தம் கேக்கறப்பல்லாம், இங்க நிக்குமான்னு பார்த்துக்கிட்டே இருப்பேன் நீலா," என்றாள்.

நீலாவதி வாய்விட்டு அழுதாள்.