பரமேஸ் அக்காவின் வெள்ளிக்கிழமைக் கட்டங்கள்

கட்டங்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் இரண்டு வகை: ஒன்று ஜோசியர்கள், இன்னொன்று கம்ப்யூட்டர் திரையில் டேட்டா கிரிட் எனும் தகவல் கட்டங்கள் போட்டுக் கொடுக்கும் என்னைப் போன்றவர்கள். ஜோசியருக்காவது கிரகங்கள் போட்ட கட்டத்தில் நிற்கும். எங்களுக்கோ, வாடிக்கையாளர் மவுஸால் தொட்டு நீலமாக்கிய கட்டங்கள் அடுத்த நொடி இருக்குமா என்பதே சந்தேகம். இதே தொழிலில் இருப்பவர்கள் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள்.

அப்போது எங்கள் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மல்லிகை வாசம் படியேறி வரும். கீழே மாலை கட்டுகிறவர்களின் ஊர்வம்பைக் கேட்டுக்கொண்டே பிழை திருத்துவேன். இப்போது பங்சாரில் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வாசமும் இல்லை, வம்பும் இல்லை. அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

கிள்ளானில் ஒரு பெக்டரி பஸ் கம்பெனிக்காக நான் எழுதிய மென்பொருளின் கதை இது. அடுத்த வாரம் எந்தத் தொழிலாளி எந்த பஸ்ஸில் ஏறுவது என்று பிரித்துப் போடுகிறவர் அங்கே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்த பரமேஸ் அக்கா. அவருடைய மகளுக்கு அம்பாங்கில் குழந்தை பிறந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தால் ரயிலேறிப் பேத்தியிடம் போய்விடலாம். முடியாவிட்டால் சனிக்கிழமை காலையும் ஆபீஸ்தான். வெள்ளைப் பலகையில் எழுதிய காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும் முடிந்ததில்லையாம். என்னை அவர் காப்பி கொடுத்து வரவேற்றது அதற்காகத்தான்.

பிள்ளையாருக்கு ஒரு வேலை

திரையில் ஆட்களின் பெயர்கள் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு பஸ்ஸுக்கு வேண்டியவர்களைத் தொட்டுத் தேர்ந்தெடுத்து, 'ஏற்று' என்ற பட்டனை அழுத்த வேண்டும். அங்கொருவர் இங்கொருவராகப் பொறுக்குவதற்கு, கீபோர்டில் கண்ட்ரோல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே தொட வேண்டும். கையை எடுத்துவிட்டு அடுத்த பெயரைத் தொட்டால் அதுவரை பொறுக்கியது எல்லாம் போச்சு. அக்காவின் இடது கையோ எப்போதும் டெலிபோனில் இருக்கும். பஸ் இன்னும் வரவில்லை என்று யாராவது கூப்பிட்டபடியே இருப்பார்கள்.

ஒருநாள் "இப்பெல்லாம் கட்டம் ஒழுங்கா நிக்குது" என்று அவரே போனில் சொன்னார். எப்படி நிற்கிறது என்று எனக்கே புரியாமல் நேரில் போய்ப் பார்த்தேன். சாமி படத்துக்கு முன்னால் இருந்த பித்தளைப் பிள்ளையார் கண்ட்ரோல் பட்டன் மேல் அமர்ந்திருந்தார். நல்ல கனம். தொட்டால் சேரும், மறுபடி தொட்டால் விலகும், எந்தப் பட்டனையும் பிடிக்க வேண்டாம் என்று மாற்றிக் கொடுத்தேன். அவருக்கு அதில் சின்ன வருத்தம்.

"சும்மாதானே உக்காந்திருந்தாரு, ஒரு வேலை குடுத்தேன். அதையும் புடுங்கிட்டீங்களே மாலா."

தலைகீழ் பஸ்

பலகையில் எழுதும்போது அக்காவுக்கு ஒரு பழக்கம். யாரை முதலில் ஏற்ற வேண்டுமோ அவர் பெயரை முதலில் எழுதுவார். போர்ட் கிள்ளானில் தொடங்கி, டவுனைத் தாண்டி, கடைசியாக பாடாங் ஜாவா ஆட்கள். அப்புறம் பஸ் நேராக சுங்கை வே பெக்டரிக்கு. திரையிலும் அதே வரிசையில் ஒவ்வொருவராகத் தொட்டார். தேர்ந்தெடுத்த கட்டங்களை கிரிட் பட்டியலாகக் கொடுக்கும்போது கடைசியாகத் தொட்டதைத்தான் முதலில் கொடுக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே பஸ் ஓடிய திங்கட்கிழமைதான் தெரிந்தது.

டிரைவர் முனியாண்டி அண்ணன், சொந்த மூளையில் ஓட்டியதற்காக முதலாளியிடம் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டவர். அதனால் அச்சாகி வந்த பேப்பரில் தலைகீழாக இருந்தபடியே பாடாங் ஜாவாவுக்குப் போய்ப் பல் விளக்கிக்கொண்டிருந்தவர்களை ஏற்றி, அப்படியே போர்ட் கிள்ளானுக்கு இறங்கி, வந்த வழியே திரும்பி சுங்கை வே போய்ச் சேர்ந்தபோது ஷிப்ட் தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. நான் வரிசையைத் திருப்பிச் சரிசெய்து கொடுத்தும் முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பஸ்ஸையும் அக்காவே படித்துச் சரிபார்க்கும்படி ஆயிற்று. ரயில் போய்விட்டது.   முனியாண்டி அண்ணன் என்னிடம் சொன்னது இதுதான்.

"பேப்பர்ல உள்ளபடிதான் ஓட்டினேன் தங்கச்சி, ரோடுதான் ஒத்துக்கல."

கண் சிமிட்டும் திரை

அடுத்து முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. யாராவது உடம்புக்கு முடியவில்லை என்று எம்.சி. எனும் மருத்துவ விடுப்பு போட்டால் அக்காவின் திரையில் உடனே தெரிய வேண்டும். அதற்காகப் பட்டியல் தானாகவே அடிக்கடி புதுப்பித்துக்கொள்ளும்படி செய்தேன். தெரிந்தது. ஆனால் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அக்கா பொறுக்கி வைத்திருந்த ஆட்கள் எல்லாரும் கலைந்துபோனார்கள். பாவம், திரையோடு ஓட்டப் பந்தயம் வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு டக்டக்கென்று தொட்டு, திரை மாறுவதற்குள் 'ஏற்று' அடிக்கப் பார்ப்பார். இரண்டாவது வெள்ளிக்கிழமையும் போயிற்று. இந்த முறை கூப்பிட்டது முதலாளி.

"உங்க சிஸ்டம் கண்ணச் சிமிட்டுது மிஸ். அது சிமிட்டுற நேரத்துல என் ஆளுங்க காணாமப் போறாங்க. பழைய போர்டையே மாட்டிரலாமா?"

கிள்ளான் ஸ்டேஷன்

போர்டு திரும்பி வந்தால் அக்காவின் வெள்ளிக்கிழமைகள் மொத்தமாகப் போய்விடும். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நானே கிள்ளானுக்கு ரயிலேறினேன். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். புதுப்பிப்பதற்கு முன்னால் யார் யார் நீலத்தில் இருக்கிறார்கள் என்று அவர்களுடைய ஊழியர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, புதுப்பித்ததும் அதே ஆட்களை மறுபடி நீலமாக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மதியச் சாப்பாடு அப்படியே ஆறிப்போயிற்று. மாற்றிப் போட்டதும் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தோம். சிமிட்டியது. ஆட்கள் நின்றார்கள். அக்கா அடுத்த பஸ்ஸை நிரப்பத் தொடங்கினார்.

சாயங்காலம் கடைசி பஸ் நிரம்பியது. முதலாளி எட்டிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று ஆரம்பித்தார். அதற்குள் அக்கா கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டு, மேசைக்கடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். ஸ்டேஷனில்தான் அவரை எட்டிப் பிடித்தேன். இருவரும் ஏறி ரயில் நகர்ந்ததும், வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: கிரிட்டில் வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?

"ஆபீஸ் முடிஞ்சு சனிக்கிழமை நான் போய்ச் சேர்றதுக்குள்ள புள்ளய குளிப்பாட்டித் தூங்க வச்சிருவாங்க மாலா. நாளைக்குக் காலையில நான்தான் எண்ணெ தேச்சு ஊத்தப் போறேன். ஒங்க கட்டத்தப் பத்தி திங்கக்கிழமை பேசுங்க லா."

என் மென்பொருளைப் பாராட்டி மின்னஞ்சல் அனுப்பியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஆனால் அதை அணைத்துவிட்டு அவ்வளவு சந்தோஷமாக எழுந்து ஓடியவர் பரமேஸ் அக்கா ஒருவர்தான் என்பதால், இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான நற்சான்றிதழ் அதுதான் என்று வைத்திருக்கிறேன்.