சிலை நின்ற இடம்

கட்டடம் நடக்கும் இடத்துக்கு வந்ததும் அவள் நேராக ஆபீஸ் கொட்டகைக்குள் போகமாட்டாள். தேநீர் ஆறினால் ஆறட்டும். கேட்டைத் தாண்டியதும் தரையில் அவளே முதல் நாள் மஞ்சள் பெயிண்டில் வரைந்த இரண்டு பாதங்கள் இருக்கும். காலணிகளை அவற்றுக்குள் பிசகாமல் பொருத்துவாள். கைப்பையை முன்புறத்திலிருந்து முதுகுக்குத் தள்ளுவாள். மூச்சை முழுக்க விட்டுவிட்டு, செல்போனை நெற்றிக்கு நேராகப் பிடித்து, ஒரே ஒரு படம். அதுவரை அவள் கண்கூடச் சிமிட்டுவதில்லை என்று கம்பி கட்டுபவர்கள் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சிலை.

“சிலை வந்தாச்சு, ஹெல்மெட்ட மாட்டுங்கடா!” என்று கம்பி மேஸ்திரி குரல் கொடுப்பார். அது அவள் காதில் விழும். விழுந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டாள்.

அங்கே எழும்பிக்கொண்டிருந்தது ஒரு பிரசவ மருத்துவமனை. பணம் போடுவது ஓர் அறக்கட்டளை, கட்டுவது ஒரு கம்பெனி. கம்பெனி சொல்கிற அளவுக்கு வேலை நடந்திருக்கிறதா, எந்த மூலையில் ஆபத்து பதுங்கியிருக்கிறது என்று அறக்கட்டளைக்காக நேரில் பார்த்துச் சொல்வது அவள் உத்தியோகம். இதை வீட்டில் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

“நின்னு பாக்குறதுக்கு சம்பளமா அண்ணி?” என்பாள் நாத்தனார். “நானுந்தான் பால்கனில நின்னு தினம் தெருவப் பாக்குறேன். எனக்கும் ஒரு வேல வாங்கிக் குடுங்களேன்.”

“நீ பாக்காததையும் சேத்துச் சொல்லுவ. என் வேலையில பாத்தத மட்டுந்தான் சொல்லணும்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவனுக்குப் புரையேறும்.

அஸ்திவாரத்துக்காக ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்த சமயம் அது. பள்ளத்தின் ஒரு பக்கத்தை ஒட்டி வரிசையாக வீடுகள். அந்தப் பக்கத்து மண் சரியாமலிருக்க இரும்புத் தூண்களை நட்டு, இடையில் பலகை செருகித் தடுப்பு போட்டிருந்தார்கள். கம்பெனி மேனேஜர் அனுப்பும் அறிக்கைகளில் எல்லாக் கட்டமும் பச்சை நிறத்தில் இருக்கும். மருதாணித் தோட்டம் மாதிரி அத்தனை குளுமை.

அன்று காலையும் படம் எடுத்தாள். கொட்டகையில் உட்கார்ந்து, பழைய படங்களோடு சேர்த்து விரலால் வேகமாகத் தள்ளிப் பார்த்தாள். பள்ளம் தானாக ஆழமானது. மண்மேடு வளர்ந்தது, கரைந்தது. வானம் மட்டும் சட்டை மாற்றிக்கொண்டே இருந்தது. தடுப்பின் கடைசித் தூணுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

அந்தத் தூணுக்கு வெகுதூரம் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. பழைய படங்களிலெல்லாம் தொட்டியின் ஒரு கால் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இன்றைய படத்தில் கால் வெளியே எட்டிப் பார்த்தது. நடுவில் மயிரிழைபோல வானம்.

தொட்டி நடக்காது. அப்படியானால் தூண் பள்ளத்தின் பக்கம் சாய்கிறது.

“சார், தோண்டுறத நிறுத்துங்க. அந்தக் கடைசி வீட்டுல இருக்கறவங்கள வெளிய வரச் சொல்லுங்க.”

மேனேஜர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “மேடம், நீங்க கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்தாக்கூட இப்படித்தான் தெரியும். ஒரு சாண் நகந்தாப் போதும்.”

“நான் நகரல.”

“கண்ண மூடிக்கிட்டு நம்பச் சொல்றீங்களா? மழைக்கு முன்னாடி அடித்தளம் போட்டாகணும். இயந்திரத்த நிறுத்தினா யார் பதில் சொல்றது?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. படம் பொய் சொன்னால் இனி எந்தக் கட்டடத்திலும் அவள் பேச்சு எடுபடாது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கடைசி வீட்டு மாடியில் ஒரு பெண் தையல் மெஷினில் குனிந்திருந்தாள். வாயில் நூல்.

அறக்கட்டளைத் தலைவருக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: “ஒருவேள தப்பா இருந்தா?”

“தப்பா இருந்தா என்ன வேலைய விட்டுத் தூக்கிடுங்க சார். சரியா இருந்தா அந்த வீட்டத் தூக்கி நிறுத்த நம்மால முடியாது.”

“மேனேஜர்கிட்ட குடும்மா” என்றார்.

இயந்திரம் நின்றது. தையல்காரி மெஷினை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடிக்க, கம்பி மேஸ்திரியின் ஆட்கள் மெஷினையும் சேர்த்தே இறக்கிக்கொண்டு வந்தார்கள். மதியம் அளவுக் கருவியோடு சர்வேயர் வந்தார். அளந்தார். முகம் சுருங்கி மறுபடி அளந்தார்.

“சாஞ்சிருக்கு. இன்னும் சாஞ்சுக்கிட்டிருக்கு.”

தடுப்புக்குப் பின்னால் மண்ணுக்குள் ஒரு குடிநீர்க் குழாய் ஓசையில்லாமல் கசிந்துகொண்டிருந்தது. குழாயை அடைத்தார்கள். பள்ளத்தின் அந்தப் பக்கத்தில் மண்ணைத் திரும்பக் கொட்டி, குறுக்கே இரும்பு உத்திரங்களால் முட்டுக் கொடுத்தார்கள். வீட்டுச் சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. அடுத்த முறை அவள் வந்தபோது மேனேஜர் அந்த மஞ்சள் பாதங்களுக்குப் பக்கத்தில் காத்திருந்தார். அவள் படம் எடுத்து முடித்ததும் முதல் ஆளாக அதை வாங்கிப் பார்த்தார்.

நாத்தனார் பால்கனியிலிருந்து தெரு முழுக்க ஒலிபரப்பிவிட்டாள். “எங்க அண்ணி ஒரு பார்வ பாத்தாங்க, வீடு அப்படியே நின்னுடுச்சு!” பார்க்காததையும் சேர்த்துச் சொல்கிறாளே என்று அவளைத் திருத்த வாயெடுத்தவள், அன்று ஒரு நாள் மட்டும் பேசாமல் இருந்துவிட்டாள். நிமிர்ந்து நடந்து உள்ளே போனாள்.

மருத்துவமனை திறந்த அன்றுதான் கம்பி மேஸ்திரி அந்த விஷயத்தைச் சொன்னார். அவள் முதன்முதலில் வரைந்த பாதங்கள் எப்போதோ லாரிச் சக்கரத்தில் தேய்ந்து, மேலே கொட்டிய ஜல்லிக்கடியில் போய்விட்டன. பாதங்கள் அழியும்போதெல்லாம், அவள் வராத நாளாகப் பார்த்து, கேட் தூணிலிருந்து ஒன்றும் டிரான்ஸ்பார்மர் மூலையிலிருந்து ஒன்றுமாக, முன்பே அளந்துவைத்த நூல்களைப் பிடித்து, அதே இடத்தில் அவர்தான் திரும்பத் திரும்ப வரைந்துவந்திருக்கிறார்.

“சிலைக்குப் பீடம் வேணாமா மேடம்?” என்றார்.