மயில் இன்மை அறிக்கை

தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு ஊராட்சி செயலர் வேலை கிடைத்தபோது, எல்லாரும் சொன்ன ஒரே எச்சரிக்கை பதிவேடுகள் அதிகம் என்பதுதான். வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, தெருவிளக்கு, தீர்மானப் புத்தகம் என்று அடுக்கினார்கள். பழகிவிடும் என்றார்கள், பழகியும் விட்டது. ஆனால் பறவைகளுக்கு ஒரு பதிவேடு வரும் என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஊரின் தெற்கு எல்லை விமான நிலையத்தின் சுற்றுச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுதளம், இந்தப் பக்கம் கடலைக்காடு. விமான நிலையம் பெரிதாகப் போகிறது என்று நான் மருமகளாக வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை பெரிதானது அதைப் பற்றிய கடிதங்களின் எண்ணிக்கைதான்.

அப்படி ஒரு கடிதம் யூனியன் ஆபீஸ் வழியாக வந்தது. பறவைகள் மோதினால் விமானத்துக்கு ஆபத்து; ஆகவே சுற்றுவட்டார ஊராட்சிகள் தங்கள் எல்லைக்குள் உள்ள பறவைகளின் எண்ணிக்கையை மாதந்தோறும் தெரிவிக்க வேண்டும். கூடவே ஒரு படிவம். காகம், பருந்து, கொக்கு, மயில், இதர என்று கட்டங்கள். கடைசியில் ‘எடுக்கப்பட்ட நடவடிக்கை’ என்று ஒரு கட்டம்.

யூனியன் ஆபீஸில் எங்கள் ஊராட்சியைப் பார்க்கும் உதவியாளருக்கு போன் செய்தேன்.

“சார், பறவையை யார் எண்ணுறது?”

“ஊராட்சிக்குள்ளதானம்மா பறக்குது? அப்ப ஊராட்சிதான் எண்ணணும்.”

எங்களிடம் இருந்த ஆட்களில் உயரத்துக்குப் போகிறவர் ஒருவர்தான். தண்ணீர் டேங்க் ஆபரேட்டர். ஐம்பது வயதைத் தாண்டியவர், வால்வைத் திறந்து மூடுவதும் மேலே ஏறித் தொட்டி கழுவுவதும் அவர் வேலை. நான் ஏதோ தோராயமாகச் சொல்வார் என்று நினைத்துத்தான் கேட்டேன். அவர் மறுநாள் விடிகாலையிலேயே ஒரு நாற்பது பக்க நோட்டோடு டேங்க் மேல் ஏறிவிட்டார். பத்து நாள் எண்ணினார்.

“மயிலு நாப்பத்தி மூணுங்க மேடம். பருந்து பதினொண்ணு. காக்காதாங்க சிரமம், எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி. இருநூறுன்னு போட்டுக்கங்க.”

அப்படியே எழுதி அனுப்பினேன். நடவடிக்கை என்ற கட்டத்தில், கறிக்கடைக்காரரிடம் கழிவுத் தொட்டிக்கு மூடி போடச் சொன்னதை எழுதினேன். அவர் உண்மையாகவே மூடி போட்டார். அந்தப் பதிவேட்டில் நடந்த முதல் நடவடிக்கையும் கடைசி நடவடிக்கையும் அதுதான்.

ஒரு வாரத்தில் உதவியாளர் கூப்பிட்டார்.

“நாப்பத்தி மூணு மயிலாம்மா? பக்கத்து ஊராட்சியில ரெண்டுன்னு காமிச்சிருக்காங்க.”

“அவங்க எண்ணியிருக்க மாட்டாங்க சார்.”

“நீ ஏம்மா எண்ணுன?”

மீட்டிங்கில் நம் யூனியன் பெயர் அடிபடுகிறது, மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதாகக் காட்டு என்றார். காட்டினேன். அடுத்த மாதம் முப்பது. அதற்கடுத்து பதினெட்டு. டீ குடித்துக்கொண்டே ஒன்பது மயில்களைக் குறைத்த சாயங்காலம் ஒன்று நினைவிருக்கிறது. தேசியப் பறவையை அடித்தால் சிறை. நான் ஐந்தே மாதத்தில் நாற்பத்து மூன்றையும் தீர்த்துக்கட்டினேன், ஒரு வழக்கும் வரவில்லை. கடைசியில் மயில் கட்டத்தில் ‘இன்மை’ என்று எழுதினேன். உதவியாளர் போனில் பாராட்டினார்.

ஆபரேட்டரிடம் எண்ண வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் மாதாமாதம் நோட்டோடு வந்து நின்றார். ஒரு நாள் மேஜையில் கிடந்த அறிக்கை நகலைப் பார்த்துவிட்டார்.

“நாஞ் சொன்னது நாப்பத்தி ஏழுங்களே மேடம். குஞ்சு பொரிச்சிருக்குதுங்க.”

“தெரியும்ணா.”

“எழுதலீங்களா?”

“மேல ஒத்துக்க மாட்டேங்கறாங்க.”

அவர் அண்ணாந்து பார்த்தார். மேலே என்றால் அவருக்கு டேங்க்தான். நோட்டை மடக்கிக்கொண்டு வால்வு திறக்கப் போனார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அதற்குள் இன்னொரு கடிதம் வந்தது. ஒவ்வொரு ஊராட்சியும் தன் எல்லையிலுள்ள மரம், செடி, விலங்கு, பறவை எல்லாவற்றையும் பதிந்து பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். போன் செய்தது அதே உதவியாளர்.

“இதுல கம்மியா காமிச்சிராதம்மா. மாவட்டத்துலயே கேப்பாங்க. செழிப்பா இருக்கணும்.”

இதில் மயில் அறுபது என்று எழுதினேன். மூன்று வகை ஆந்தைகளும் சேர்த்தேன். ஆக, பச்சை அட்டைப் பதிவேட்டில் அறுபது மயில்கள், நீல அட்டைப் பதிவேட்டில் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே பீரோவில் ஒரே தட்டில் சண்டை சச்சரவில்லாமல் இருந்தன.

சண்டை வெளியிலிருந்து வந்தது. விமான நிலையச் சுவரை ஒட்டி கடலை போட்டிருந்த ஒரு விவசாயி, அறுபதை நெருங்கியவர், ஒரு நாள் காலையில் கையில் காகிதத்தோடு ஆபீசுக்குள் வந்தார். விதைத்த கடலையை மயில்கள் கிளறித் தின்கின்றன, ஏதாவது செய்யுங்கள் என்று வனத்துறைக்கு மனு கொடுத்திருந்தாராம். அதற்குப் பதில் வந்திருக்கிறது.

“இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க அம்மணி.”

“உங்களுக்குப் படிக்கத் தெரியுமேண்ணா?”

“தெரியுமுங்க. படிச்சது நெசந்தானான்னு பாக்கோணும்.”

வாங்கிப் படித்தேன். ‘சம்பந்தப்பட்ட ஊராட்சியின் மாதாந்திர அறிக்கையின்படி மேற்படி கிராமத்தில் மயில்கள் ஏதும் இல்லை. எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது.’ நான் அதைப் படித்து முடிக்கவும் ஆபீசுக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தில் ஒரு மயில் அகவியது. அவர் அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

“அப்ப அது ஆருங்க?”

சமாளிக்கிறேன் என்று எழுந்து பச்சை அட்டைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். இதில் அறுபது இருக்கிறது, இதை வைத்து மறுபடி மனு போடலாம் என்றேன்.

அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “அதுல ஒண்ணுமில்ல, இதுல அறுவது. என்ர காட்டுல மேயறது எத்தனைன்னு இந்த ஊர்ல ஒருத்தருக்காச்சும் தெரியுமுங்களா?”

வாசலில் மோட்டார் ரூம் சாவியோடு நின்றிருந்த ஆபரேட்டர் சொன்னார்: “நாப்பத்தி ஏழுங்க.”

அடுத்த கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. கூட்டத்தைக் கவனிக்க வரும் பற்றாளராக அதே உதவியாளர்தான் வந்திருந்தார். மேலிருந்து அனுப்பிய மாதிரித் தீர்மானங்களை நான் வாசித்து முடித்ததும் விவசாயி எழுந்து, தன் காகிதத்தைப் படித்துக் காட்டிவிட்டுக் கேட்டார்:

“இந்த ஊர்ல மயிலு இருக்குதா இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்க, நா உக்காந்துக்கறேன்.”

உதவியாளர் என்னைப் பார்த்தார். நான் ஆபரேட்டரைப் பார்த்தேன். அவர் யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்து நோட்டைப் பிரித்தார். தேதி வாரியாக, திசை வாரியாக வாசித்தார். கிழக்கே புளியமரத்தில் ஆறு, சுவரோரம் பத்தொன்பது, ஏரிக்கரையில் தாயும் நாலு குஞ்சும். கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு ஆளாளுக்குத் திருத்தம் சொல்ல ஆரம்பித்தார்கள். “எங்கூட்டுக் கூரை மேல வாரத விட்டுட்டீங்களே” என்று ஒரு பெண் கத்தினாள். “அது புளியமரத்துக் கணக்குல வந்துருச்சுங்க” என்றார் ஆபரேட்டர்.

‘இவ்வூராட்சியில் நாற்பத்தேழு மயில்கள் உள்ளன என கிராம சபை ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.’ என் கையெழுத்தில்தான் எழுதினேன். பற்றாளர் கையெழுத்து இல்லாமல் தீர்மானப் புத்தகம் செல்லாது என்பதால், உதவியாளரும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்.

மூன்றே வாரத்தில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. சென்ற மாதம் இன்மை, இந்த மாதம் நாற்பத்தேழு, எப்படி? உதவியாளரே வழியும் சொன்னார்.

“வெளியூர்லேருந்து வந்துச்சுன்னு எழுதும்மா. கொல்லிமலை அடிவாரம், நாமகிரிப்பேட்டைப் பக்கம்னு ஏதாச்சும் போடு.”

“மயில் அவ்வளவு தூரம் பறக்காதுங்க சார்.”

“கேக்கறவங்களுக்கு அது தெரியாதும்மா.”

அப்படியே பாதி எழுதியும் விட்டேன். ‘மேற்படி மயில்கள் இடம்பெயர்ந்து’ என்ற இடத்தில், நானே தம்மம்பட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள்தான் என்று ஏனோ தோன்றி, பேனா நின்றுவிட்டது. தாளைக் கிழித்துவிட்டு, எண்ணிக்கையை நானே குறைத்து எழுதினேன், தவறு என்னுடையது என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். உதவியாளரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் சாக்கடைக் கோப்பு அவர் மேஜையில் இருந்தது.

வேலை போய்விடும் என்று வீட்டில் சொல்லி வைத்தேன். இரண்டு மாதம் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலிலேயே போய் நின்றேன். பிறகு ஒரு வரி வந்தது: ‘விளக்கம் கோப்பில் வைக்கப்பட்டது.’ யாரும் அதைப் படிக்கவில்லை என்பது என் ஊகம். அதைவிட, எங்கள் தீர்மானத்தைப் பார்த்துவிட்டுப் பல்லுயிர்க்காரர்களிடமிருந்து வந்த கடிதம்தான் திணறடித்தது. மயில்கள் அறுபதிலிருந்து நாற்பத்தேழாகக் குறைந்ததற்கு என்ன காரணம், மீதமுள்ளவற்றைக் காக்க என்ன நடவடிக்கை என்று கேட்டிருந்தார்கள். பிறக்கவே பிறக்காத பதின்மூன்று மயில்களின் மறைவுக்கு ‘கணக்கீட்டுப் பிழை’ என்று காரணம் எழுதினேன்.

வனத்துறையிலிருந்தும் இரண்டு பேர் வந்தார்கள். கடலைக்காட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள். நாலு பக்கமும் பழைய புடவை கட்டினால் மயில் வராது என்று யோசனை சொன்னார்கள்.

“நாலு பக்கமும் கட்டித்தானுங்க இருக்குது” என்றார் விவசாயி. “எங்கூட்டுக்காரி பீரோவே காலியாயிருச்சுங்க.”

“இன்னும் கொஞ்சம் கலரா கட்டுங்க” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்கள்.

இப்போது நீலப் பதிவேட்டிலும் ஆபரேட்டர் சொல்வதைத்தான் எழுதுகிறேன். மாதாமாதம் உதவியாளர் போன் செய்து திட்டுகிறார். சாக்கடைக் கோப்பு இன்னும் அவர் மேஜையிலேயே இருக்கிறது.

விவசாயி அடுத்த பட்டத்துக்குக் கடலையை விட்டுவிட்டு மரவள்ளி நட்டார். ஒரு மத்தியானம் அந்த வழியாகப் போனபோது செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. மயில் தொந்தரவு எப்படி என்று கேட்டேன்.

“கெழங்குப் பக்கம் போறதில்லீங்க. நெழலுக்குத்தான் வந்து படுத்துக்குதுங்க” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எண்ணிக்கறதுன்னா எண்ணிக்கங்க அம்மணி, நா மனு ஒண்ணுங் குடுக்கல” என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போடப் போனார்.