யூரியா தின்ன வீரய்யாவும் சொல்பேச்சு கேக்காத சோயாவும்

நெஞ்சத் தொட்டுச் சொல்றேன், இது அத்தனையும் நெசம். ஒரு பொய் கலந்திருந்தா என் நாக்கு அழுகிப் போகட்டும். சரி சரி, நாக்கு எனக்கும் வேணும்ல. கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லுவேன். ரப்பர இழுத்தாலும் ரப்பர்தானே!

புசல்லாவை வீரய்யா, சண்டை நடந்த காலத்துல, கண்டிப் பக்கம் ஒரு ஆராய்ச்சிப் பண்ணையில சட்டிக்குத் தண்ணி ஊத்துற ஆளு. நாள் கூலி. யாழ்ப்பாணத்துப் பத்மாதேவி மிஸ் இருபது சட்டியில சோயாவ நட்டு அவன் கையில ஒப்படைச்சாங்க.

"வீரய்யா, தண்ணியைத் தவிர ஒண்டும் ஊத்தப்படாது. செடியள் ஒழுங்கா வந்தா உம்மை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுறன்."

நிரந்தரக் கடிதம்! அது சட்டைப் பையில இருந்தா, செக்பொயிண்ட்ல எறங்கி வெயில்ல காயிறது பாதியாக் கொறையும். வீரய்யா சட்டிகள அப்பிடிக் கொஞ்சினான், பொண்டாட்டி பாப்பம்மா சோயாவோட சக்களத்திச் சண்டைக்கே போயிட்டா.

ரெண்டாவது வாரம் எலையெல்லாம் மஞ்சளாச்சு. செடி செத்தா வேலையும் சாவும்ல! புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து ஸ்டோர்ல ரெண்டு கை யூரியாவ அள்ளிச் சாப்பாட்டு டப்பாவுல போட்டுப் பண்ணைக்கு பஸ் ஏறிட்டான்.

கம்பளையில ஆமிக்காரன் டப்பாவத் தெறந்தான். அந்தக் காலத்துல யூரியான்னா குண்டுக்கு அக்கா மகன், கொண்டு போகத் தடை.

"என்ன இது?"

"சீனி, மாத்தயா."

"அப்ப தின்னு."

தின்னான். ஒரு சிட்டிகைதான், நீங்க ஒரு கிலோன்னே வச்சுக்குங்க. மூஞ்சியில கலியாண வீட்டுச் சிரிப்பு. "தேத்தண்ணிக்குக் கொஞ்சம் தரட்டா மாத்தயா?" ஆமிக்காரன் டப்பாவோட வெரட்டி விட்டான்.

யூரியா விழுந்ததும் செடியெல்லாம் கிளிப்பச்சை. மிஸ் ஒவ்வொண்ணாப் புடுங்கிப் பாத்தாங்க. பத்தொம்பது வேரும் மொட்டைத் தலை.

"முடிச்சு எங்க? உரம் போட்டனீரோ?"

"வாடிப்போச்சு மிஸ்..."

மிஸ் தலையில கைய வச்சுக்கிட்டாங்க. வேர் முடிச்சுக்குள்ள கிருமி குடியிருந்து, காத்துல உள்ள தழைச்சத்தப் புடிச்சுக் குடுக்குமாம். செடி அதுக்குச் சோறு போடணுமாம். மண்ணுலயே சத்து கெடச்சா, 'எதுக்கு வெட்டிச் செலவு'ன்னு செடியோட ஜீன் கதவப் பூட்டிருமாம். முடிச்சு அளவுக்கு மிஞ்சினாலும் எலையில இருக்கிற ஜீன், 'போதும்'னு வேருக்கு ஓடர் அனுப்புமாம்.

"அடேயப்பா, செடிக்குள்ளயும் செக்பொயிண்டா மிஸ்?"

"ஓம். ஆனா அது காரணத்தோட மறிக்கும்."

கடைசிச் சட்டியப் புடுங்கினாங்க. வேரே தெரியல! கொத்துக் கொத்தா, பச்ச மொளகுச் சரம் மாதிரி முடிச்சு! மிஸ் போட்ட கூச்சல் மாத்தளை வரைக்கும் கேட்டுச்சு.

"இதின்ட ஜீன் பழுது! ஓடருக்கு அடங்கேல்ல! விதையள ஜீனை மாத்துற மருந்தில ஊறவச்சதே இப்பிடி ஒண்டைத் தேடித்தான்!"

அந்தச் சூட்டோட கடிதம் எழுதிட்டாங்க. வீரய்யா நிரந்தரம். கீழ ஒரு வரி: யூரியா மூட்டைக்குக் கிட்டவும் போகப்படாது.

நான் கதைய இந்த எடம் வரைக்கும் சொன்னப்பதான் தேத்தண்ணிக் கடையில வெனை வந்துச்சு. அக்குறணை கடைக்காரர் சாஹுல் ஹமீது, எங்களுக்கெல்லாம் அண்ணன் மொறையில 'நானா', மேசையில அடிச்சாரு.

"சொன்ன சொல்லு கேக்காதவனுக்கு நிரந்தரமா? என்ட கடையிலண்டா அண்டைக்கே வெளிய!"

பஸ் கொண்டக்டர் கறுப்பையா துள்ளி எந்திரிச்சான். "சொல்லு கேக்காத செடிக்கு மாலை, மனுசனுக்கு உதையா, நானா? அவன் யூரியா போடாட்டி அந்தச் செடி யாரு கண்ணுல பட்டிருக்கும்?"

"களவெடுத்த யூரியாடா!"

"தின்னு காட்டினான்ல! நீங்க தின்னுவீங்களா?"

மொத கிளாஸ் ஒடைஞ்சது அப்பத்தான்.